கொலாபாவில் 73, சாந்தாகுரூஸில் 944

2005 ஜூலை 26 அன்று மும்பையில் எவ்வளவு மழை என்று யாரைக் கேட்டாலும் 944 மில்லிமீட்டர் என்பார்கள். அது சாந்தாகுரூஸ் விமான நிலையத்து மழைமானியின் கணக்கு. அதே 24 மணி நேரத்தில், தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் கொலாபா மானியில் விழுந்தது 73. விஹார் ஏரிப் பக்கம் ஆயிரத்தையே தாண்டிவிட்டது. தெற்கு மும்பையில் இருந்தவர்களுக்கு அது இன்னொரு ஜூலை மழை. குர்லாவிலும் கலினாவிலும் மித்தி நதி வீட்டுக்குள் வந்துவிட்டது.

இப்போது சாந்தாகுரூஸ் மானியை மனசுக்குள் பிடுங்கி எறிந்துவிடுங்கள். விஹார் மானியையும்தான். கொலாபா வானிலைக்கூடம் 1826இல் கட்டியது. 1841 முதல் அங்கே ஒழுங்காகப் பதிவு நடக்கிறது. 1850இல் இதே மழை இதே இடத்தில் கொட்டி, கொலாபா ஏடு மட்டும் நமக்கு மிஞ்சியிருந்தால், அந்த நாளுக்கு நேரே மூன்று அங்குலத்துக்கும் குறைவான ஒரு எண்தான் இருக்கும். யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

என் பிழைப்பு இந்த மாதிரி எண்களோடுதான். ஒரு ரீஇன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பேரிடர் கணக்குப் போடுகிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே தங்களை இன்ஷூர் செய்துகொள்கிற இடம் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். ஆபீஸ் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், அதாவது மித்தி நதியின் சதுப்பைத் தூர்த்த நிலத்தின் மேலேயே உட்கார்ந்து மித்தி வெள்ளத்துக்கு விலை போடுகிறோம். எங்களிடம் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த மழை எத்தனை ஆண்டுக்கு ஒரு தடவை வரும்? அதற்கு நீளமான பதிவு வேண்டும். 2005ஐச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு விடை, விட்டுவிட்டுப் போட்டால் வேறொரு விடை. ஒரே ஒரு நாள் மொத்தக் கணக்கையும் புரட்டிப்போடுகிறது என்றால் கையில் இருக்கிற பதிவு போதாது என்றுதான் அர்த்தம். 1974 ஜூலை 5ஐப் பாருங்கள், அன்று கதை தலைகீழ்: கொலாபாவில் 575, சாந்தாகுரூஸில் 375.

ஆகவே பின்னோக்கிப் போகவேண்டும். மானி இல்லாத இடங்களுக்கு, மானி இல்லாத காலங்களுக்கு. அங்கேதான் மெஷின் லேர்னிங் வருகிறது, அதாவது நிறைய டேட்டாவைக் காட்டிப் பழக்கி, தெரியாததை மெஷினையே ஊகிக்க வைப்பது. அதைப் பற்றிக் கேட்டு நிறைய மெயில் வந்ததால் இந்தப் பதிவு. மந்திரம் என்று நினைப்பவர்களுக்கும், வெறும் ஏமாற்று என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அது நன்றாகச் செய்யும் வேலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பஞ்சம் என்றாலே பெரியவர்கள் தாது வருஷத்தைத்தான் சொல்வார்கள். 1876இல் மழை பொய்த்தது, 1877இலும் பொய்த்தது, சென்னை மாகாணமும் மைசூரும் தக்காணமும் செத்துக் கிடந்தன. அதன் பின்னால் 1877இன் பெரிய எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தை மீறிச் சூடாவது, இருந்தது என்று இன்று சொல்கிறோம். ஆனால் அன்று பசிபிக் கடலின் சூட்டை அளந்தது யார்? கப்பல் போன வழியில் மட்டும் நாலு புள்ளி. மற்றதெல்லாம் வெற்றிடம். 2020இல் ஜெர்மனியின் கிறிஸ்டோபர் காடோவும் அவரோடு இருந்தவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். பழைய ஃபோட்டோவில் கிழிந்த இடத்தை நிரப்பக் கண்டுபிடித்த நியூரல் நெட்வொர்க்கை எடுத்து, காலநிலை மாடல்கள் உருவாக்கிய ஆயிரக்கணக்கான மாத வரைபடங்களைக் காட்டிப் பழக்கினார்கள். பிறகு ஓட்டையும் உடைசலுமான நிஜப் பதிவைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 1877 ஜூலைக்கு அது போட்டுக் கொடுத்த படத்தில் பசிபிக்கின் நடுவே எல் நினோவின் சூடான நாக்கு தெளிவாக நீண்டிருந்தது. தாது வருஷத்துக்கு மறுவருஷம், நம் மக்கள் கஞ்சித் தொட்டி வரிசையில் நின்ற மாதங்களின் கடல் அது. எனக்கு அந்தப் படத்தின் மேல் பெரிய மதிப்பு.

ஏன் அது சரியாக வந்தது என்பதுதான் முக்கியம். எல் நினோ சமுத்திர அகலத்துக்கு விரிகிற விஷயம், மாதக்கணக்கில் நிற்கிற விஷயம். நாலு புள்ளி தெரிந்தால் ஐந்தாவதை ஊகிக்கலாம். ஒரு இடம் சூடாக இருந்தால் பக்கத்து இடமும் சூடாகத்தான் இருக்கும். கொலாபா 73 என்றால் சாந்தாகுரூஸ் எவ்வளவு என்ற கேள்விக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு வழி மறுபகுப்பாய்வு. இருபதாம் நூற்றாண்டு ரீஅனாலிசிஸ் என்று ஒன்று, பெயர் அப்படியே தவிர 1836க்கே போகிறது. தரையிலும் கப்பலிலும் எடுத்த காற்றழுத்தத்தை மட்டும் ஒரு வானிலை மாடலுக்குள் ஊட்டி, அந்த அழுத்தத்துக்குப் பொருந்துகிற மாதிரி மொத்த வளிமண்டலத்தையும் அதை உருவாக்கச் சொல்கிறார்கள். ஒரே விடை தராமல் 80 விடை தருவது அதன் நேர்மை. எண்பதும் ஒத்துப்போகிற இடத்தை நம்பலாம், சிதறுகிற இடத்தில் நம்ப வேண்டாம். ஐரோப்பியர்களின் ஈஆர்ஏ5 இன்னும் நுணுக்கம், ஆனால் 1940க்கு முன்னால் கிடையாது. நுணுக்கம் என்றாலும் அது உலகத்தைப் பிரித்துப் பார்க்கிற கட்டம் ஒவ்வொன்றும் 31 கிலோமீட்டர். மும்பை நகரம் மொத்தமும் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். 2005இன் மழையோ மலாடிலிருந்து பாந்த்ராவுக்குள் ஆளே மாறுகிற மழை.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸில் ஒரு நிரந்தரச் சண்டை. என் டீமில் ஒரு மதுரைத் தம்பி. கெட்டிக்காரன். கட்டத்தை 31 கிலோமீட்டரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டராகச் சிறுக்கித் தரும் நெட்வொர்க் ஒன்றைப் பழக்கிக்கொண்டு வந்தான். படம் அழகாக இருந்தது. உச்சம் மட்டும் எப்போதும் மழுங்கி வந்தது.

காரணம் சிக்கலானதல்ல. அந்த மாதிரி நெட்வொர்க்குக்கு நாம் சொல்லிக் கொடுப்பது, தப்பின் வர்க்கத்தை (தப்பை அதே தப்பால் பெருக்கியதை) சராசரியில் குறை என்று. ஒரு இடத்தில் விடை 73 ஆகவும் இருக்கலாம், 944 ஆகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், அப்படிப் பழகியது இரண்டுக்கும் நடுவே ஒரு எண்ணைச் சொல்லும். அதற்கு அதுதான் பத்திரம். அந்த நடு எண் அன்றைக்கு எந்தத் தெருவிலும் பெய்யவில்லை.

“அக்கா, டிஃப்யூஷன் மாடல் போட்டா உச்சம் வந்திரும்க்கா” என்றான்.

“வரும் தம்பி. எங்க வரும்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி. டிஃப்யூஷன் மாடல் சராசரியைச் சொல்லாது. நடந்திருக்கக் கூடியவற்றில் ஒன்றை எடுத்து வரைந்து தரும், திரும்பக் கேட்டால் இன்னொன்றை. நூறு தடவை கேட்டால் சிலவற்றில் 900 மில்லிமீட்டர் இருக்கும், ஒன்றில் போவாய் மேல், இன்னொன்றில் தானே மேல். ரீஇன்ஷூரன்ஸ் கணக்குக்கு எனக்கு அது போதும், எத்தனை தடவைக்கு எத்தனை தடவை என்பதுதான் எனக்கு வேண்டும். 1850இல் குர்லா கிராமத்தில் வெள்ளம் வந்ததா என்று கேட்கிற சரித்திரக்காரருக்கு அது எதற்கும் ஆகாது. ஒரே படத்தை ஒருவர் நிகழ்தகவாகப் படிக்கிறார், இன்னொருவர் சாட்சியாகப் படிக்கிறார். பத்திரிகையில் ‘ஏஐ கண்டுபிடித்த பழைய பேரிடர்’ என்று வரும்போது இரண்டாவது வாசிப்புதான் வருகிறது. எனக்கு எரிச்சல் வருவது அங்கே.

சரி, மாடல் தான் பார்க்காத உச்சத்தைக் கற்பனை செய்யுமா? இதை ஒரு சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில் பெட்ரம் ஹஸன்சாதேயின் குழு 2025இல் வெளியிட்டது. ஒரு ஏஐ வானிலை மாடலின் ட்ரெயினிங் டேட்டாவிலிருந்து 3, 4, 5ஆம் வகைப் புயல்களையெல்லாம் உருவிவிட்டார்கள். சின்னப் புயல்களை மட்டும் பார்த்து வளர்ந்த அந்த மாடலிடம் ஒரு 5ஆம் வகைப் புயலின் தொடக்கத்தைக் கொடுத்தபோது, அதைப் பலவீனமான புயலாகவே வளர்த்தது. ஆனால் ஒரு கடலிலிருந்து மட்டும் பெரும்புயல்களை நீக்கி, வேறொரு கடலில் விட்டுவைத்தால், அங்கே கற்றதை இங்கே பயன்படுத்தத் தெரிந்துகொண்டது. அரபிக்கடலை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கு இந்த இரண்டாவது பாதி நல்ல செய்தி. இங்கே பெரும்புயல் குறைவு, பசிபிக்கில் நிறைய. முதல் பாதி கெட்ட செய்தி. உலகத்தில் எங்குமே பதிவாகாத ஒன்று வந்தால் மாடல் அதைச் சின்னதாக்கிக் காட்டும், அதுவும் முழு நம்பிக்கையோடு.

அரபிக்கடல் என்றதும் ஒரு கிளைக்கதை. உலகின் கொடிய புயல்கள் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் ‘பம்பாய்ப் பெரும்புயல், 1882 ஜூன் 6, ஒரு லட்சம் பேர் பலி’ என்று ஒரு வரி இருக்கும். அப்படி ஒரு புயலே அடிக்கவில்லை. அன்றைய பம்பாய்ச் செய்தித்தாள்களில் அந்தப் பேரழிவு இல்லை. 1881 கணக்கெடுப்பில் நகரத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 7.7 லட்சம். எட்டில் ஒருவர் செத்திருந்தால் ஒரு பத்திரிகைக்குமா தெரியாமல் போகும்? எங்கோ யாரோ எழுதியதை அடுத்தவர் எடுத்தாண்டு, அப்படியே வளர்ந்த புயல் இது. நான் ஒரு சாட்பாட்டிடம் பம்பாய்ப் புயல்களைக் கேட்டேன், முதல் வரியிலேயே 1882 வந்து நின்றது. பழைய நூல்களையும் செய்திகளையும் மெஷினை விட்டுப் படிக்கவைத்துப் பேரிடர்ப் பட்டியல் தயாரிக்கும் வேலை இப்போது சூடுபிடித்திருக்கிறது. பத்து இடத்தில் எழுதியிருந்தால் பத்து சாட்சி என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். பத்தும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். பெய்த மழை பதிவில் இல்லாமல் போகிறது, அடிக்காத புயல் பட்டியலில் நிலைத்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்துதான் எங்கள் ட்ரெயினிங் டேட்டா.

இந்த மாதிரி ஆபத்தை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் சொன்னார். 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டிச் சொல்ல உலகம் முழுவதன் அழுத்தம், மழை, வெப்பம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட, குமாஸ்தாக்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டார். அப்படியே தென் அலைவை, அதாவது பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடல் பக்கம் இறங்குகிற ஊசலாட்டத்தை, கண்டுபிடித்தார். நூறு ஜோடியைத் தேடி அதில் சிறந்த ஒன்றைப் பொறுக்கினால், அது தற்செயலாகவே சிறந்ததாக இருக்கலாம் என்று அவரே 1914இல் கணக்கோடு எச்சரித்திருக்கிறார். மெஷின் லேர்னிங் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே அதைக் கொடுக்கவேண்டும்.

இன்னும் பின்னால் போகிறவர்களும் உண்டு. பனியுகத்தின் உச்சம், ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன். கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே. மும்பை ஹை எண்ணெய் வயல் நிற்கிற இடத்தில் கடலாழம் 75 மீட்டர்தான், ஆகவே கரையிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அது அன்று காய்ந்த தரை. அந்தக் காலத்துக்கு மானியும் இல்லை, ஏடும் இல்லை. காலநிலை மாடலை அந்தக் கால நிலைமைகளில் ஓட்டி, அது தரும் மலைமலையான படங்களில் புயல் எது, வளிமண்டல ஆறு (காற்றில் நீளமாக ஓடும் நீராவிப் பட்டை) எது என்று தேடவேண்டும். பழைய முறை ஒரு வரம்பு வைத்துத் தேடுவது: காற்றில் நீராவி இவ்வளவுக்கு மேல் ஓடினால் ஆறு. பூமி 6 டிகிரி குளிர்ந்தால் காற்று தாங்கும் நீராவி மூன்றில் ஒரு பங்கு குறையும், டிகிரிக்கு 7 சதவீதம் என்ற கணக்கு. இன்றைய வரம்பை அங்கே வைத்தால் பனியுகத்தில் ஆறுகள் ரொம்பக் குறைவு என்று விடை வரும். அதனால் உருவத்தைப் பார்த்து அடையாளம் காணும் நெட்வொர்க்குகளைப் பழக்குகிறார்கள். கிளைமேட்நெட் என்ற தொகுப்பில் நிபுணர்கள் கையாலேயே புயல்களையும் ஆறுகளையும் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நிபுணர்கள் பார்த்துப் பழகியது இன்றைய வானத்தை. அது என் துறை இல்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

என் கையில் காசு இருந்து, பெரிய மாடலா பழைய ஏடா என்று கேட்டால் நான் ஏட்டுக்குத்தான் கொடுப்பேன். 2020 ஊரடங்கில் பிரிட்டனில் ரீடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் பழைய மழைப் பதிவுத் தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டு, தட்டச்சு செய்ய வாருங்கள் என்றார். 16,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 50 லட்சத்துக்கும் அதிகமான மாதப் பதிவுகள் கணினிக்குள் ஏறின. அந்த நாட்டின் மிக வறண்ட ஆண்டு 1855 என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எந்த நெட்வொர்க்கும் அதை நிரப்பித் தரவில்லை. வீட்டில் அடைந்து கிடந்தவர்களின் கண் தந்தது.

மெஷினுக்கு அங்கேயும் வேலை உண்டு, நல்ல வேலை. கையெழுத்து படிப்பது. நம் ஏடுகளில் மழை அங்குலத்திலும் சென்டிலும் இருக்கும், நூறு சென்ட் ஒரு அங்குலம். 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது, மேலே சொன்னதே என்பதற்கு இரண்டு கீற்று, பின்பக்கத்து மை ஊறி முன்னே வந்திருக்கும். அதற்கு மருந்தும் அதே தாளில் இருக்கிறது: மாதக் கடைசியில் குமாஸ்தா போட்ட கூட்டல். மெஷின் படித்த முப்பது எண்ணும் அந்தக் கூட்டலோடு ஒத்துவந்தால் சரி, இல்லையென்றால் ஆள் பார்க்கவேண்டும். தேதியிலும் ஒரு குழி உண்டு. காலை எட்டரைக்கு அளப்பதால் ஜூலை 26இன் மழை 27ஆம் தேதிக்கு நேரே எழுதப்பட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் மாடலுக்கு ஊட்டினால் அழுத்தம் ஒரு நாளும் மழை மறுநாளுமாக, மெஷின் வேறு ஏதோ பாடத்தைப் படித்துவிடும்.

மானியே இல்லாவிட்டால்? 2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் ஊர்ப் பக்கம் கொட்டியது நினைவிருக்கும். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நின்ற மழை. காயல்பட்டினம் மானியில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், மும்பையின் 944ஐ ஒட்டி. பக்கத்து ஆறுமுகநேரியில் பெரியம்மா இருக்கிறாள். மூன்று நாளாக லைன் கிடைக்காமல், கிடைத்ததும் நலம் விசாரித்து முடித்துக் கேட்டேன்.

“பெரியம்மா, முத்தத்துல நீல டிரம் ஒண்ணு கெடக்குமே, அது அன்னைக்கு வெறும் டிரம்மாவா இருந்துச்சு?”

“ஏட்டி, ஊரே தண்ணிக்குள்ள கெடக்கு, நீ டிரம்ம கேக்கியே.”

“சொல்லுங்க பெரியம்மா.”

“வெறும் டிரம்முதான். விடியக்காலம் பாக்கேன், நெறைஞ்சு வழியுது.”

“கூரைத் தண்ணி விழுந்துச்சோ?”

“நடு முத்தத்துல கெடக்கு, கூரை எங்கிருந்து வரும்?”

நேரான சுவர் கொண்ட, வானம் பார்த்த பாத்திரத்தில் எவ்வளவு உயரம் தண்ணீரோ அவ்வளவு மழை. அந்த டிரம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஆறுமுகநேரியில் அந்த முற்றத்தில் குறைந்தபட்சம் 85, 90 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது, அதிகமும் இருக்கலாம். பெருமழை நின்றதும் வீடு வீடாகப் போய் வாளியையும் தொட்டியையும் அளக்கும் பழக்கம் அமெரிக்க வானிலைக்காரர்களிடம் உண்டு, ஆக இது என் கிறுக்குத்தனம் மட்டுமல்ல. பெரியம்மாவின் டிரம்மை என் அட்டவணையில் ‘கீழ்வரம்பு’ என்ற குறிப்போடு சேர்த்திருக்கிறேன். மதுரைத் தம்பி சிரித்தான், பிறகு அவனுடைய மாடலை அந்த நாளுக்கு ஓட்டும்போது ஒப்பிட வாங்கிக்கொண்டான்.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது, தாத்தா வேலை பார்த்த எஸ்டேட், மில், உப்பளம், அணைக்கட்டு எதிலாவது பழைய மழை ஏடு கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்து நேராக ஃபோட்டோ எடுங்கள், ஓரத்தில் கிறுக்கியிருப்பதும் விழுகிற மாதிரி. மானி எந்த இடத்தில் நின்றது, காலையில் எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால் அதையும் எழுதி வையுங்கள். தமிழ் வருஷம், தமிழ் மாதம் போட்டிருந்தால் அப்படியே இருக்கட்டும், மாற்றி எழுத வேண்டாம்; மாற்றுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். தாது வருஷத்து ஏடு ஒன்று கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பரவாயில்லை, உடனே எழுதுங்கள்.